அப்பாவோட மெடலுக்காக ஓடுன எல்லாருக்கும் நன்றி

தேவனாம்பட்டினம், மஞ்சக்குப்பம், முதுநகர் சொந்தபந்தம் எல்லாருக்கும் வணக்கம். 1971 பாகிஸ்தான் போர்ல நேவியில இருந்ததுக்கு அப்பாவுக்கு குடுத்த பூர்வி ஸ்டாரும் சங்கிராம் மெடலும், தொலைஞ்சதுக்கு பதிலா டூப்ளிகேட்டா வந்துடுச்சு. 2011 டிசம்பர் 30 தானே புயல்ல கூரையோட மெடல் இருந்த பொட்டியும் போயி, நேவி சர்வீஸ் விவரமெல்லாம் இருக்குற டிஸ்சார்ஜ் புக் ஊறி எழுத்தெல்லாம் கலைஞ்சதுல இருந்து அப்பா கப்பல் பேச்சையே விட்டுட்டாரு.

1971ல ஐ.என்.எஸ். கரியால் கப்பல்ல அப்பா ஸ்டோக்கர், அதாவது எஞ்சின் ரூம் ஆளு, மீசை கூட சரியா வராத வயசு. கரையில மூக்க வச்சு கதவ தொறந்து ஆளையும் வண்டியையும் எறக்குற கப்பல் அது. அதனாலயே நெறைய பேரு "நீங்க என்ன சண்டை போட்டீங்க"ன்னு கேட்டிருக்காங்க, எனக்கு அது ஆறவே ஆறாது. டிசம்பர் 14ம் தேதி, இப்ப பங்களாதேஷ்ல இருக்குற காக்ஸ் பஜார் பக்கம், கல்கத்தாவுல இருந்து விஸ்வ விஜய்ங்கற சரக்கு கப்பல்ல வந்த கூர்க்கா பட்டாளத்த கடல்லயே மாத்தி ஏத்திகிட்டு கரைக்கு போனாங்க, கரைக்கு முன்னாடியே மணல் திட்டுல தட்டிடுச்சு, திட்டுக்கு அந்தாண்ட ஆழம், மலைநாட்டுப் பசங்க, மூட்டையோட எறங்கி ரெண்டு பேரு முழுகிட்டாங்க. அப்புறம் உள்ளூர் படகுங்கள வச்சுதான் மத்தவங்கள எறக்குனாங்களாம். அப்பா கீழ எஞ்சின் ரூம்ல, எதையும் பாக்கல, தலைக்கு மேல பூட்ஸ் சத்தம் மட்டுந்தான். அந்த ரெண்டு பேர நெனச்சா இன்னிக்கும் சாப்பாடு எறங்காது அவருக்கு.

இத கேட்டதும் நம்ம படகுத்துறை மாமாங்களுக்கு சட்டுனு புரிஞ்சுது, முகத்துவாரத்துல திட்டு ராத்திரிக்கு ராத்திரி எடம் மாறுறத பாத்தவங்களாச்சே. பக்கத்துல உக்காந்து பொறுமையா கேட்டு அப்பாவ பேச வச்சது நீங்கதான் மாமா. முன்னாள் படைவீரர் நல ஆபீஸ்ல இருக்குற அக்கா, மும்பை மாலுமிகள் பதிவு ஆபீஸுக்கு என்ன எழுதணும் எத இணைக்கணும்னு வரிவரியா சொன்னாங்க. அபிடவிட்டுக்கு காசு வாங்காத வக்கீல் சார், ராத்திரி கடைய மூடாம ஸ்கேன் பண்ணி குடுத்த ப்ரவுசிங் சென்டர் தம்பி, ரெண்டு பேருக்கும் கோடி புண்ணியம்.

விசாகப்பட்டினம் மாமா, அப்பா கூட அதே எஞ்சின் ரூம்ல வேர்த்தவரு நீங்க, அவரோட சர்வீஸ் நம்பர இன்னும் மனப்பாடமா வச்சிருந்து சொன்னீங்க பாருங்க, அதுதான் எல்லாத்தையும் நகத்துச்சு. போன்ல உங்க குரல கேட்டு அப்பா எழுந்து நின்னுட்டாரு. அந்தப் போர்ல ஜெயிச்ச நாளு டிசம்பர் 16க்கு கண்டிப்பா வீட்டுக்கு வரணும், டிக்கெட் நான் போடுறேன், விழுப்புரம் ஜங்ஷனுக்கே கார் கொண்டாந்துடுறேன்.