பனிக்காலத்திற்காக அந்தக் காரை விற்காதே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் அனைவரும் நலம் என்று அறிந்து மகிழ்ந்தேன். இங்கும் அனைவரும் நலமே. தங்கைக்கு முதுகுவலி குறைந்துவிட்டது என்ற செய்தி மனதுக்கு நிம்மதியாக இருந்தது. எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு, கடைசிப் பத்தியில் போகிறபோக்கில் சொல்வதைப் போல, பனிக்காலம் தொடங்குவதற்குள், பின்சக்கர இயக்கம் உள்ள உன் மஸ்டா எம்எக்ஸ்-5 காரை விற்றுவிட்டு நான்கு சக்கர இயக்கம் உள்ள உயரமான வண்டி ஒன்றை வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறாயே, அதைப் படித்த பிறகு வேறு எதுவும் என் தலையில் நிற்கவில்லை. ஆகவே இந்தக் கடிதம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்கான பதிலாகவே இருக்கப்போகிறது, பொறுத்துக்கொள்.

விற்காதே என்பதுதான் என் பதில். பிள்ளைகளுக்கு இடம் போதவில்லை, ஏறி இறங்க முதுகு ஒத்துழைக்கவில்லை என்று காரணம் சொன்னால் நான் வாய் திறக்க மாட்டேன். ஆனால் பின்சக்கர இயக்கம் பனிக்கு ஆகாது என்று யாரோ சொன்னதற்காக விற்கிறாய் என்றால், அந்த யாரோ பாதிக் கணக்கைத்தான் உனக்குச் சொல்லியிருக்கிறார். இன்ஜினின் விசை எந்தச் சக்கரங்களுக்குப் போகிறது என்பது வண்டி கிளம்பும்போதும் மேடு ஏறும்போதும்தான் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். நிற்பதற்கு எல்லா வண்டிகளுமே நான்கு சக்கரங்களைத்தான் நம்பியிருக்கின்றன. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், காய்ந்த தார்ச்சாலையில் பிரேக்கை முழுமையாக அழுத்திய இடத்திலிருந்து ஏறத்தாழ 12 மீட்டரில் நின்றுவிடும். அதே கார் இறுகிய பனியில் நிற்க 50 மீட்டர் வரை வேண்டியிருக்கும். வழுக்கும் பனிக்கட்டியில் 100 மீட்டரை நெருங்கும். இந்தக் கணக்கில் நான்கு சக்கர இயக்கம் என்ற சொல்லுக்கு இடமே இல்லை. அத்தகைய வண்டி சிரமமில்லாமல் கிளம்பி வேகம் பிடித்துவிடுவதால், சாலை எவ்வளவு வழுக்குகிறது என்பது ஓட்டுபவருக்கு முதல் வளைவு வரை தெரியாமலே போய்விடுகிறது. பின்சக்கர இயக்கம் உள்ள காரோ, வீட்டு வாசலிலிருந்து நகரும் அந்த முதல் சில அடிகளிலேயே, பின்புறத்தை லேசாக ஒதுக்கிக்காட்டி, இன்று சாலை எப்படி இருக்கிறது என்று உன் இருக்கை வழியாகவே உனக்குச் சொல்லிவிடும். எனக்கு அந்த நேர்மை பிடித்திருக்கிறது.

இப்போது டயர் விஷயத்துக்கு வருகிறேன், ஏனெனில் முக்கால்வாசி விடை அங்கேதான் இருக்கிறது. உன் காரில் இருப்பவை கோடைக்கால டயர்கள். வெப்பநிலை 7 பாகை செல்சியசுக்குக் கீழே போகத் தொடங்கியதுமே அவற்றின் ரப்பர் இறுகத் தொடங்கிவிடும். பனி விழுந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கடுங்குளிரில் அப்படிப்பட்ட சில டயர்களை ஓட்டினாலோ வண்டியோடு நகர்த்தினாலோ வெடிப்பு விடக்கூடும் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். சென்ற வாரம் நான் சக்கரங்களை மாற்றியபோது, கழற்றிய டயரையும் மாட்டப்போகும் டயரையும் ஷெட்டில் அருகருகே சாய்த்து வைத்து இரண்டையும் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். இரண்டும் இரவு முழுவதும் அதே குளிரில் கிடந்தவைதாம். கோடை டயரின் ரப்பர்க் கட்டை அசையவே இல்லை. குளிர்கால டயரின் கட்டையோ விரலுக்கு இணங்கி வளைந்தது. அதன் மேல் கத்தியால் கீறியதைப் போல நெளிநெளியாக ஓடும் மெல்லிய வெட்டுகள் அழுத்தத்தில் வாய் திறந்து மூடின. அந்த வெட்டுகளின் விளிம்புகள்தாம் பனியைக் கவ்வுகின்றன. அகன்ற பள்ளங்களில் பனி அடைத்துக்கொள்வதும் நல்லதற்கே, ஏனெனில் பனியின் மேல் ரப்பர் பிடிப்பதைவிடப் பனியின் மேல் பனி நன்றாகப் பிடிக்கும்.

வாங்கும்போது பக்கச்சுவரில் மூன்று சிகரங்கள் கொண்ட மலைக்குள் பனித்துகள் வரைந்த முத்திரை இருக்கிறதா என்று பார். எம்+எஸ் என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் ஏமாந்துவிடாதே. அது தயாரிப்பாளர் தாமே போட்டுக்கொள்ளும் குறி, மலை முத்திரையோ பனியில் சோதித்த பிறகு கிடைப்பது. இன்னொன்று, பனியில் அகலமான டயர் எதிரி. குறுகிய டயர் பனியை வெட்டிக்கொண்டு அடியில் இருக்கும் உறுதியான தளத்தைத் தேடிப்போகும். அகன்ற டயர் மேலேயே மிதக்கும். உன் காரில் 17 அங்குலச் சக்கரத்தில் 205/45 டயர் இருக்கிறது (முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது). அதே மாடலின் 16 அங்குலச் சக்கரத்துக்கு உரிய 195/50 டயர்தான் பனிக்குப் பொருத்தம். விலையும் குறையும், பக்கச்சுவர் உயர்வதால் குழியில் விழுந்தாலும் சக்கரத்துக்குச் சேதம் குறையும். உன்னுடையதைப் போலவே பின்சக்கர இயக்கம் உள்ள என் டொயோட்டா 86 காருக்கும் 17 அங்குலத்திலிருந்து 16-க்கு இறங்கி 205/55 அளவில்தான் மாட்டியிருக்கிறேன்.

பின்சக்கரங்கள்தானே உழைக்கின்றன, அவற்றுக்கு மட்டும் இரண்டு வாங்கினால் போதாதா என்று உன் சிக்கன மனம் கேட்கும். போதாது. வண்டி கிளம்பும், ஆனால் திரும்பாது, நிற்காது; பிரேக் போடும்போது வண்டியின் பாரம் முன்னே சாய்வதால் பெரும்பங்கு வேலை முன் டயர்களுக்கே விழுகிறது. நான்கையும் ஒன்றாக வாங்கு, தனிச் சக்கரங்களிலேயே மாட்டிவை. அதன்பின் காற்றைக் கவனி: வெப்பநிலை ஐந்தரை பாகை குறையும்போதெல்லாம் டயரின் காற்றழுத்தம் ஏறத்தாழ ஒரு பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) இறங்கும். 20 பாகையில் அடித்த காற்று மைனஸ் 10-இல் 5 பி.எஸ்.ஐ. குறைந்து நிற்கும்.

பாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்சக்கர இயக்கம் உள்ள கார்களில் இன்ஜின் முழுவதும் இயங்கும் சக்கரங்களின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் சமதளத்தில் அவை எளிதாகக் கிளம்புகின்றன. உன் காரில் முன்னும் பின்னும் ஏறத்தாழச் சரிபாதி. என் காரில் முன்னே 53, பின்னே 47 சதவீதம். காய்ந்த சாலையில் வேகம் எடுக்கும்போது பாரம் பின்னே சாய்ந்து நமக்கு உதவும். பனியில் அவ்வளவு வேகம் எடுக்கவே முடியாது என்பதால் அந்த உதவி கிடைக்காது. எனவே பின்புறத்தில் மணல்மூட்டை வைக்கும் பழைய வழக்கத்தை உனக்கும் யாராவது சொல்வார்கள். பின்புறம் கனமே இல்லாத சிறு லாரிக்கு அது சரி. நம் கார்களில் டிக்கி அச்சுக்குப் பின்னால் தள்ளி இருப்பதால், அங்கே வைக்கும் கனம் பின்புறம் ஒருமுறை வழுக்கத் தொடங்கினால் அதை இன்னும் வேகமாகச் சுழற்றிவிடும். என்னைக் கேட்டால் மூட்டை வேண்டாம். சிக்கிக்கொண்டால் சக்கரத்தின் அடியில் தூவுவதற்குச் சிறு பை மணலும் ஒரு சிறு மண்வெட்டியும் மட்டும் போதும். ஆனாலும் இயங்கும் பின்சக்கரங்களின் மேல் பாரம் இருந்தால் பிடிப்பு கூடும் என்பது மெய், அதற்கு நல்ல சான்று போர்ஷே 911: இன்ஜினே பின் அச்சுக்குப் பின்னால், மொத்த எடையில் சுமார் 60 சதவீதம் பின்சக்கரங்கள் மேல். 1968, 1969, 1970 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் மாண்டி கார்லோ ராலியின் பனிமலைப் பாதைகளில் அதுதான் வென்றது. ஆணி பதித்த டயர்களும் தேர்ந்த ஓட்டுநர்களும் அதற்கு இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீ என்னைச் சும்மா விடமாட்டாய்.

ஓட்டும் விதத்தில் நீ மாற்றிக்கொள்ள வேண்டியவை அதிகமில்லை, ஆனால் அவை கைகால்களில் ஊறியிருக்க வேண்டும். சமதளத்தில் இரண்டாம் கியரிலேயே கிளம்பு. கிளட்சை மெதுவாக விடு. ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், அதன் மேல் பாதத்தின் எடையை மட்டும் வை. ஒரு டயருக்கு உள்ள பிடிப்பு வரம்புக்கு உட்பட்டது. அதைத் திரும்புவதற்குச் செலவிட்டால் நிற்பதற்கு மிச்சம் இருக்காது. ஆகவே பிரேக் போட வேண்டியதை வளைவுக்கு முன்பே, நேர்க்கோட்டிலேயே முடித்துவிடு. பலரும் அஞ்சுவது ஆக்சிலரேட்டரை அழுத்துவதற்கு. பனியில் அதைச் சட்டென்று விடுவதும் அதே அளவுக்கு ஆபத்து. வளைவின் நடுவே காலை எடுத்தால் பாரம் முன்னே சாயும், இன்ஜினின் பிடி பின்சக்கரங்களை மட்டும் இழுக்கும், பின்புறம் விலகும். இறக்கத்தில் கியரைக் குறைக்கும்போதும் இதே கதைதான். கிளட்சை விடுவதற்கு முன் இன்ஜின் சுழற்சியை லேசாக உயர்த்திக்கொண்டால் சக்கரம் அதிராது.

பின்புறம் விலகினால் பிரேக்கைத் தொடாதே, ஆக்சிலரேட்டரை மெல்லத் தளர்த்து, பார்வையைப் போக வேண்டிய இடத்தில் நிறுத்தி ஸ்டியரிங்கை அந்தத் திசைக்குத் திருப்பு. வண்டி நேராகத் தொடங்கியதுமே ஸ்டியரிங்கையும் நேராக்கிவிட வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். முதல் வழுக்கலில் தப்பித்தவர், எதிர்ப்பக்கம் வீசும் இரண்டாம் வழுக்கலில் போய்விடுவார். இதைக் கடிதத்தில் படித்துக் கற்க முடியாது. முதல் பனி விழுந்ததும், கம்பங்களோ வண்டிகளோ இல்லாத, அனுமதி பெற்ற வெற்றிடம் ஒன்றுக்குப் போய், மிகக் குறைந்த வேகத்தில் நீயே வழுக்கவிட்டுப் பழகு. சறுக்கலைத் தடுக்கும் மின்னணு வசதியைச் சாலையில் எப்போதும் அணைக்காதே. பனியில் புதைந்து நின்று முன்னும் பின்னும் ஆட்டி வெளியேறும் அந்த ஒரு தருணத்தில் மட்டும், சக்கரம் வீணாகச் சுழல்வதைத் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோலை அணைக்கலாம், ஏனெனில் அது விசையை அடியோடு வெட்டிவிட்டு உன்னை அங்கேயே உட்கார வைத்துவிடும்.

இவ்வளவு பரிந்து பேசினாலும், இந்தக் கார்கள் உண்மையிலேயே தோற்கும் இடம் ஒன்று உண்டு. அது பனியின் ஆழம். என் காரின் அடிப்பகுதி தரையிலிருந்து சுமார் 13 சென்டிமீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அதற்கு மேல் பனி கிடந்தால் வயிற்றுப்பகுதி பனியின் மேல் ஏறிக்கொள்ளும், சக்கரங்களின் மேல் பாரம் குறையும், அதன்பின் எந்த டயரும் உதவாது. பனி அகற்றும் வண்டி சாலையை வழித்துவிட்டு நம் வாசலின் குறுக்கே விட்டுப்போகும் அந்த வரப்பு இருக்கிறதே, அது இரண்டு மணி நேரத்தில் கல்லாக இறுகிவிடும். முன் பம்பரை அதில் மோதவிடாமல் வெட்டி எடுத்துவிட்டுப் புறப்படு. மழையாக விழுந்து தரையைத் தொட்டதும் உறையும் நாட்களில் வண்டியையே எடுக்காதே. அன்று நீ வாங்க நினைக்கும் உயரமான வண்டியும் வழுக்கத்தான் செய்யும். பூஜ்ஜியத்தை ஒட்டிய வெப்பநிலையில் மேலே நீர்ப்படலத்தோடு இருக்கும் பனிக்கட்டிதான் டயருக்கு மிக மோசமானது. கடுங்குளிரில் இறுகிய பனி அதைவிட எவ்வளவோ மேல். உப்பு தூவிய சாலை என்றும் நம்பியிருக்காதே, மைனஸ் 10 பாகையை நெருங்கும்போது சாதாரண உப்பின் வேலை பெரிதும் குறைந்துவிடும்.

அந்த உப்பு காரின் அடிப்பகுதியை அரிக்கும் என்பதால், குளிர் சற்றுத் தணியும் நாட்களில் அடியிலும் சக்கர வளைவுகளுக்குள்ளும் நீர் பீய்ச்சிக் கழுவு. நெடுஞ்சாலையில் திடீரென்று ஸ்டியரிங் நடுங்கினால் பயந்துவிடாதே. பெரும்பாலும் சக்கரத்தின் உட்புறத்தில் ஒட்டிய பனிதான் காரணமாக இருக்கும், நிறுத்தித் தட்டிவிட்டால் சரியாகிவிடும். இரவில் நிறுத்தும்போது கியரில் விட்டுவிடு. ஈரத்தோடு ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்தால் காலையில் உறைந்து பிடித்துக்கொள்ளக்கூடும். உன் காரின் துணிக்கூரையின் மேல் விழுந்த பனியை மென்மையான துடைப்பத்தால் தள்ளு, சுரண்டாதே. துணி உறைந்திருக்கும்போது கூரையை மடிக்கவும் முயலாதே. என் காரைப் போலச் சட்டமில்லாத கதவுக் கண்ணாடி உள்ள வண்டிகளில் வேறு ஒரு வேடிக்கை உண்டு: கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி சிறிது கீழிறங்கிக் கதவுக்கு வழிவிட வேண்டும், உறைந்த காலையில் அது இறங்காது. ரப்பர் விளிம்புகளில் முன்கூட்டியே சிலிக்கோன் மசகு தடவிவைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

டயர் வாங்குவதற்கு முன் ஒன்றை மட்டும் பார்த்து எழுது. உன் காரில் பெரிய பிரேக் பொருத்திய வகையும் விற்றிருக்கிறார்கள். அதில் 16 அங்குலச் சக்கரம் பொருந்தாது, அப்படியென்றால் 17-லேயே குளிர்கால டயர் தேட வேண்டியிருக்கும். முன்சக்கரத்தின் இடைவெளியில் தெரியும் பிரேக் பகுதியைப் படம் எடுத்து அனுப்பினால் போதும், நான் சொல்லிவிடுகிறேன். தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்