சோச்சி ஆறாவது ஆட்டம் பற்றி அன்பரசுக்கு

அங் மோ கியோ, சிங்கப்பூர்

அன்புள்ள அன்பரசு,

வீட்டில் எல்லாரும் சுகம். கோகிலாவுக்குத் தொடக்கக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. கணேசன் அண்ணனுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, புளோக்குக் கீழே கல்மேசைக்கு மறுபடி வர ஆரம்பித்துவிட்டார். வந்ததும் உன்னைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி: "அவன் கோயம்புத்தூரிலாவது கோட்டை கட்டினானா (செஸ்ஸில் ராஜாவை யானையோடு சேர்த்துப் பத்திரப்படுத்தினானா)?" பதிலை நீயே அவருக்கு எழுது.

நான் எழுத உட்கார்ந்தது உன் கடிதத்தின் கடைசிப் பத்திக்காக. சோச்சியில் 2014-இல் நடந்த உலக செஸ் சாம்பியன் போட்டியின் கார்ல்சன்–ஆனந்த் ஆறாவது ஆட்டத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினாயாம். கார்ல்சன் தப்பாக ஆடியும் ஆனந்த் அதைப் பிடிக்காமல் விட்ட இடத்தில் என்ஜினை (ஆட்டத்தைக் கணக்கிடும் கணினி நிரலை) திறந்ததும், யார் கை ஓங்கியிருக்கிறது என்று காட்டும் எண் எகிறியதாம். "இதை எங்க தம்பியே பார்ப்பான் சார்" என்று ஒருத்தன் சொல்ல, வகுப்பே சிரித்ததாம். நீயும் சேர்ந்து சிரித்தாயாம்! அன்பு, அந்த இடத்தில் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டியது அத்தனையும் அந்தச் சிரிப்போடு போய்விட்டது. அடுத்த வகுப்பில் திரும்ப எடு. எப்படி எடுக்கலாம் என்று எழுதுகிறேன்.

பலகையை வை. 25-ஆம் நகர்த்தல் முடிந்த நிலை. கார்ல்சன் வெள்ளை, ஆனந்த் கறுப்பு; கட்டத்தின் பெயரில் எழுத்து நெடு வரிசை, எண் குறுக்கு வரிசை. வெள்ளை: ராஜா சி1, யானைகள் ஜி4, எச்5, பிஷப்புகள் சி2, ஈ3, சிப்பாய்கள் ஏ2, சி3, சி4, ஈ5, எஃப்2, ஜி2. கறுப்பு: ராஜா பி7, யானைகள் ஜி8, எச்8, பிஷப் சி6, குதிரை ஜி6, சிப்பாய்கள் ஏ5, பி6, சி5, ஈ6, எஃப்7, எச்6. முதல் கேள்வி: இப்போது கறுப்பு ஆட்டம் என்று வைத்துக்கொண்டால், குதிரை ஈ5-ஐ அடிக்கலாமா? அடித்ததும் ஜி வரிசை திறந்து யானையும் யானையும் நேருக்கு நேர் நிற்கும். வெள்ளை ஜி8-இல் வெட்டும், கறுப்பு திரும்ப வெட்டும், எச்5 யானை குதிரையைத் தின்னும், கறுப்பு ஜி2-ஐ எடுக்கும். இரண்டு சிப்பாய்க்கு ஒரு குதிரை போச்சு. ஆக, அடிக்கக் கூடாது. இதைப் பிள்ளைகள் கையால் காய் நகர்த்திப் பார்க்கட்டும்.

இப்போது ராஜாவை டி2-க்கு நகர்த்து. கார்ல்சன் 26-ஆவதாக ஆடியது இதைத்தான். மறுபடி குதிரை ஈ5-ஐ அடிக்கட்டும். வெள்ளை ஜி8-இல் வெட்டினால், கறுப்பு திரும்ப வெட்டாமல் குதிரையால் சி4 சிப்பாயை எடுக்கும், ராஜாவுக்குச் செக்கோடு! ராஜா டி3 வந்து குதிரையைத் தொட்டால், குதிரை பி2-க்குப் போய் இன்னொரு செக். ராஜா ஈ2-க்கு ஒதுங்கிய பிறகுதான் எச்8 யானை நிதானமாக ஜி8-இல் வெட்டும். பி2 செக்கை மறந்து அவசரமாக யானையை வெட்டினால் ராஜா சி4-இல் குதிரையைச் சாப்பிட்டுவிடும். பிள்ளைகள் பாதிப் பேர் இங்கேதான் தடுக்கி விழுவார்கள், விழவிடு. முடிவில் எச்6-ஐ வெள்ளையும் ஜி2-ஐக் கறுப்பும் எடுத்துக்கொண்டால் சிப்பாய் ஐந்துக்கு மூன்று. 27-இல் வெள்ளை ஜி8-ஐ விட்டு எச்5 யானையால் குதிரையை எடுத்தாலோ, ஜி4 யானை சும்மா போகும்.

அடுத்து ராஜாவை டி1-இல் வைத்துப் பார்க்கச் சொல், ஈ2-இலும் பார்க்கச் சொல். சி4-இல் செக் கிடையாது, அடி பலிக்காது. ஆக மொத்தப் பலகையிலும் மாறியது ஒரே ஒரு கட்டம். என்ஜின் திரையில் இது தெரியவே தெரியாது; அங்கே எண் குதிப்பது மட்டும்தான் தெரியும்.

இன்னொன்றும் கவனி. 23-ஆவதாக ஆனந்த் ஏ5 ஆடினார். கார்ல்சன் பிஷப்பை டி1-க்கு நகர்த்தினார், ஆனந்த் யானையை டி8-க்கு நகர்த்தினார். இருவரும் அடுத்த நகர்த்தலிலேயே திரும்பி வந்துவிட்டார்கள். அதே நிலை இரண்டாம் முறை வந்தது! கணக்குப் போட்டு "ஈ5 அடி பலிக்காது" என்று ஒதுக்கிவைத்த நிலை. அப்படி ஆடிக்கொண்டிருக்கும்போது எதிராளி ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தினால், அதுவும் இன்னொரு காத்திருப்பு என்றுதான் கண்ணுக்குப் படும். ஆனந்தின் மனதில் ஏ சிப்பாயை ஏ3 வரை தள்ளும் திட்டம் இருந்திருக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் ஏ4 ஆடினார். பரிசு வருமென்று எதிர்பார்க்காதபோது சில சமயம் அதை எடுக்கத் தோன்றாது என்ற பொருளில் ஆட்டம் முடிந்து அவர் சொன்னதைப் பிள்ளைகளிடம் சொல். 27-இல் ராஜா ஈ2, வாய்ப்பு மூடிவிட்டது. அந்த ஏ சிப்பாய் ஏ3 போய் நின்று, 36-ஆம் நகர்த்தலில் கார்ல்சனின் பிஷப்புக்கே இரையானது. 38-இல் ஆனந்த் தோல்வியை ஒப்புக்கொண்டார். இரண்டரைக்கு இரண்டரை என்று சமமாக இருந்த தொடர் அன்றைக்குச் சாய்ந்தது. பார்க்கத் தெரியாதவர் தவறவிட்ட கதையா இது?

எண்ணை வைத்துச் சிரிப்பது ஏன் தப்பு என்பதற்கு லண்டன் 2018, கார்ல்சன்–கருவானா உலக சாம்பியன் போட்டியையும் காட்டு. அதுவும் ஆறாவது ஆட்டம்தான். 68-ஆம் நகர்த்தலில் கருவானாவுக்கு பிஷப் எச்4 வெற்றி என்றது என்ஜின். ஆனால் அடுத்து குதிரை ஈ2, அதன்பின் குதிரையைத் தானே ஜி1-இல் கொண்டுபோய் முடக்க வேண்டும். எந்த மனிதன் அப்படி ஆடுவான்? அங்கேயும் எண் குதித்தது, சோச்சியிலும் குதித்தது. ஒன்று மனிதக் கண்ணுக்கு எட்டாதது, மற்றொன்று செக்கையும் அடியையும் வரிசையாகப் பார்த்தால் எட்டியிருக்கும். இந்த இரண்டையும் ஒரே பட்டியலில் "தவறவிட்ட வெற்றி" என்று எழுதிக் கொடுக்காதே.

பிள்ளைகளின் சொந்த ஆட்டங்களுக்கும் இதே முறைதான். முதலில் என்ஜின் இல்லாமல், நகர்த்தல்களைக் குறித்த ஸ்கோர் ஷீட்டில் சந்தேகமான இடங்களுக்கு எதிரே பென்சிலால் புள்ளி. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எடுத்த நேரத்தையும் குறிக்கச் சொல். வேகமாக ஆடிய இடங்களில்தான் பெரும்பாலும் புதையல் கிடக்கும். பிறகு ஸ்டாக்ஃபிஷ் என்ஜினைத் திறந்து, சிறந்த நகர்த்தல் வரிசை ஒன்றுக்குப் பதில் மூன்று வரி காட்டும்படி வை. முதல் வரிக்கும் இரண்டாவது வரிக்கும் பெரிய இடைவெளி இருந்தால் அங்கே ஒரே ஒரு நகர்த்தல்தான் இருந்தது என்று அர்த்தம். மூன்றும் ஒன்றுபோல இருந்தால், அந்த மூன்றில் எதை ஆடியிருந்தாலும் தவறவிட்டதாகச் சொல்ல எதுவுமில்லை. ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்க்குள் வந்துவிட்டால் என்ஜினை மூடிவிட்டு, முடிவு வரை முழுதும் கணக்கிட்டு வைத்திருக்கும் டேபிள்பேஸில் போடு, அங்கே வாதத்துக்கு இடமில்லை. எல்லாம் முடிந்த பிறகு ஒரு நகர்த்தல் பின்னே போய், எதிராளி இப்போது எந்தக் கட்டத்தை விட்டான், எந்தக் கட்டத்துக்கு வந்தான் என்று எழுதவை. இந்தக் கடைசிப் படியை யாரும் செய்வதில்லை, எனக்கு அதில்தான் கோபம்.

இங்கே சிங்கப்பூரில், செந்தோசாவில் 2024 டிசம்பர் 12-ஆம் தேதி, உலக சாம்பியன் போட்டியின் பதினான்காவது ஆட்டத்தில் வெள்ளை ஆடிய டிங் லிரன் 55-ஆவதாக யானையை எஃப்2-க்கு நகர்த்தினார். குகேஷும் முதலில் கவனிக்கவில்லை, தன் யானையை வேறு இடத்துக்கு நகர்த்தத்தான் இருந்தார். அவரே பிறகு சொன்னது. கை வைக்குமுன் ஒருமுறை பார்த்தார். ஏ8 மூலையில் கிடந்த வெள்ளை பிஷப் அப்போதுதான் உறைத்தது. யானைகளை மாற்றி, தன் பிஷப்பை டி5-இல் வைத்தால் அந்த வெள்ளை பிஷப்புக்குத் தப்பிக்க ஒரு கட்டமும் கிடையாது. பிஷப்புகளையும் மாற்றிவிட்டால், குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதலாக வெறும் சிப்பாய் ஆட்டம். 58-ஆவதோடு முடிந்தது, தொடர் ஏழரைக்கு ஆறரை என்று குகேஷுக்கு. ஆனந்தையும் குகேஷையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடம் நடத்து. இருவர் முன்னாலும் இருந்தது ஒரே சோதனைதான்.

சோச்சியில் ஆடப்படாத அந்த வரியின் கடைசி நிலையை, ஐந்துக்கு மூன்று சிப்பாயோடு, பிள்ளைகளை ஜோடியாக உட்காரவைத்து இருபுறமும் ஆடவை. வெள்ளைக்கு இரட்டை பிஷப் இருக்கிறது, அவ்வளவு சுலபமாக ஜெயிக்க முடியாது. கறுப்பை வைத்து எத்தனை பேர் ஜெயித்தார்கள் என்று எழுது. "எங்க தம்பியே பார்ப்பான்" என்ற பையனின் ஸ்கோர் ஷீட் எனக்குக் கட்டாயம் வேண்டும்.

அக்காவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
முருகையன்