வேர் சிகிச்சைச் சீட்டில் என்ன எழுத வேண்டும்? பல் மருத்துவமனைகளுக்கு ஒரு திறந்த மடல்

பல் மருத்துவமனை நடத்துவோருக்கு,

வணக்கம். வேர் சிகிச்சை (ரூட் கேனால்) முடித்துப் போகும் நோயாளியின் கையில் பெரும்பாலும் ஒரு ரசீதும் மாத்திரைச் சீட்டும்தான் இருக்கின்றன. சில ஆண்டு கழித்து அதே பல்லடியில் ஈறு கொப்புளித்துச் சீழ் வடிந்தால், அடுத்துப் பார்க்கும் மருத்துவருக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை.

முதலில், பல்வேருக்குள் ஓடும் கால்வாய்களில் எத்தனையை அடைத்தீர்கள் என்று எழுதுங்கள். மேல்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லுக்கு வேர் மூன்று. கால்வாய் பெரும்பாலும் நான்கு. கன்னப் பக்கத்து முன்வேருக்குள் இருக்கும் இரண்டாவது கால்வாயின் வாய் மிகக் குறுகலானது, பல நேரம் மேலே பல்திசு மூடியிருக்கும். அது விடுபட்டால் கிருமி அங்கேயே குடியிருக்கும். சீட்டில் ‘மூன்று’ என்றிருந்தால், எங்கே தேடுவது என்பது மறுசிகிச்சை செய்பவருக்கு உடனே விளங்கிவிடும்.

ஒவ்வொரு கால்வாயின் நீளத்தையும் மில்லிமீட்டரில் குறியுங்கள். எக்ஸ்ரேயில் அடைப்பு வேர்நுனியைத் தாண்டாமல், நுனிக்கு 2 மி.மீ.க்குள் முடிய வேண்டும். கால்வாயைச் சுரண்டும் ஊசி போன்ற ஃபைல் உள்ளே முறிந்திருந்தால் அதையும் எழுதுங்கள். முறிவது யாருக்கும் நேரும், மறைப்பதுதான் பிழை.

ரப்பர் டாம், அதாவது பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் ரப்பர் விரிப்பு, கட்டினீர்களா என்பதையும் எழுதுங்கள். கட்டாவிட்டால் எச்சில் உள்ளே போகும். கிருமியைக் கொல்லும் ஹைப்போகுளோரைட் மருந்து தொண்டைக்குள் இறங்கிவிடுமோ என்ற பயத்தில் அதைக்கொண்டு கழுவுவதும் பேருக்குத்தான் நடக்கும்.

கேப் போட வேண்டிய தேதியைப் பெரிதாக எழுதுங்கள். ‘வலிதான் போயிடுச்சே’ என்று தள்ளிப்போடுபவர்களே அதிகம். தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்குத்தான், அதுவும் 4 மி.மீ. தடிமனாவது இருந்தால். அது தேய்ந்து எச்சில் கசிந்தால், குறையில்லாமல் செய்த சிகிச்சையும் கெட்டுப்போகும். பிறகு ஆன்டிபயாட்டிக் எழுதிப் பயனில்லை: கால்வாய்க்குள் இரத்த ஓட்டம் கிடையாது, மருந்து எப்படிப் போய்ச் சேரும்?

எல்லாவற்றையும்விட, அடைத்து முடித்த அன்று எடுத்த எக்ஸ்ரேயைக் கொடுங்கள். வேர்நுனியில் கருநிழல் தெரிவதாலேயே சிகிச்சை தோற்றுவிட்டதாகாது. எலும்பு ஆற நான்கு ஆண்டுவரைகூட ஆகலாம். நிழல் சுருங்குகிறதா, பெருக்கிறதா என்பதைப் பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும். சுருங்கினால் காத்திருக்கலாம். பெருத்தால் கால்வாயை அடைத்திருக்கும் பழைய கட்டாபெர்ச்சாவை எடுத்துவிட்டு மறுபடி கழுவி அடைக்கலாம். வேர் நெடுக விரிசல் விட்டிருந்தால் மட்டும் மறுசிகிச்சை வீண் செலவு.

படத்தை நோயாளியின் வாட்ஸாப்புக்கே அனுப்பிவிடலாம்.

இப்படிக்கு,
வேர் சிகிச்சை செய்வோர் சிலர்