முதல் இருக்கையும் எஞ்சிய ஒருவரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழில் வெளிவந்த போக்கர் கட்டுரை, முதல் இருக்கையிலிருந்து பந்தயத்தை உயர்த்தியவர், ஏனையோர் விலகி ஒரேயொருவர் எஞ்சும்போது தயங்காமல் தொடர்ந்து பந்தயம் வைக்கவேண்டும் என்று பொதுப்படக் கூறியிருந்தது. எஞ்சியவர் எங்கே அமர்ந்திருக்கிறார் என்பதை அது கேட்கவேயில்லை. சூதாட்டத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதலாமா என்பது வேறு வாதம். எழுதுவதென்றால் இதை விட்டு எழுத முடியாது.

ஒன்பது பேர் ஆடும் டெக்சஸ் ஹோல்டெம் (கையில் இரண்டு சீட்டும் நடுவில் ஐந்து பொதுச் சீட்டும் கொண்ட போக்கர் வகை) மேசையில், முதல் இருக்கையிலிருந்து முதலில் பேசுபவருக்குப், அதாவது தன் முடிவைச் சொல்பவருக்குப் பின்னால் எட்டுப் பேர் காத்திருப்பதால், அவர் நல்ல சீட்டுக்கே உயர்த்துவார் என்பது எல்லோரும் அறிந்ததே. வெள்ளவத்தை மாடிவீடுகளில் 304 என்ற சீட்டாட்டம் அடித்துப் பழகியவர்களுக்கு முதலில் கேட்பவரின் சங்கடம் தெரியும். ஆனால் அங்கே எதிரே ஒரு கூட்டாளி இருக்கிறார், இங்கே எவருமில்லை.

முதல் இருக்கைக்காரரின் உயர்வை ஏற்று அதே தொகையை வைத்தவர் பிக் பிளைண்டில் (பெரிய கட்டாயப் பந்தயம் வைக்கும் இருக்கையில்) இருந்தால், பிளாப் எனும் முதல் மூன்று பொதுச் சீட்டுகள் விழுந்தபின் அவரே முதலில் பேசவேண்டும். உயர்த்தியவர் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். ஏற்றவர் பட்டனில் (சீட்டுப் போடுபவரின் இருக்கையில்; பிளாப்புக்குப் பின் கடைசியாகப் பேசுவது இதுவே) இருந்தால் நிலைமை தலைகீழாகிவிடும்: பிளாப், டர்ன் (நான்காம் பொதுச் சீட்டு), ரிவர் (ஐந்தாம் பொதுச் சீட்டு) மூன்றிலும் உயர்த்தியவரே முதலில் வாய் திறக்கவேண்டும். இந்த இரண்டுக்கும் ஒரே ஆலோசனை பொருந்தாது.

பட்டனுக்கு எதிராக ஏஸ், கிங் வைத்திருப்பவரை எடுத்துக்கொள்வோம். பிளாப்பில் அவருக்கு ஜோடி சேர்வது மூன்றில் ஒரு தடவைக்கும் சற்றுக் குறைவு. 8, 7, 6 என்று சீட்டுகள் விழுந்தால், நடுத்தர ஜோடிகளையும் அடுத்தடுத்த சீட்டுகளையும் வைத்து ஏற்றிருக்கக்கூடிய பட்டனுக்கே அது அதிகம் உதவும். அங்கே பந்தயம் வைக்காமல் செக் சொல்வதுதான் புத்தி, பெரிய ஜோடி கையில் இருந்தாலும் பல வேளைகளில் அப்படித்தான். மாறாக ஏஸ், கிங், 4 விழுந்தால் கையிலுள்ள ஜோடியுடன் சேர்ந்து அமையும் மூன்று ஏஸோ மூன்று கிங்கோ பெரும்பாலும் முதல் இருக்கைக்காரரிடமே இருக்கமுடியும், ஏனெனில் அத்தகைய ஜோடிகளை வைத்திருந்தால் பட்டன் அநேகமாக முன்னரே மீண்டும் உயர்த்தியிருப்பார். நடுவில் 3,000 ரூபாய் கிடக்கையில் 1,000 ரூபாய் வைத்தால், எதிராளி நான்கில் ஒரு தடவை சீட்டை விட்டாலே வெறுங்கைக்கும் நட்டமில்லை. இத்தகைய பிளாப்பில் சிறிய பந்தயமே போதும். கட்டுரை சொன்னதுபோல நடுவிலுள்ள தொகை முழுவதையும் வைக்கத் தேவையில்லை.

இருவர் மட்டுமே ஆடும் ஆட்டத்தையும் கட்டுரை இதனுடன் கலந்துவிட்டது. அங்கே பட்டன்காரரே சிறிய கட்டாயப் பந்தயமான ஸ்மோல் பிளைண்டை வைப்பார். பிளாப்புக்கு முன் முதலிலும், பின் கடைசியிலும் பேசுவார். பந்தய அளவு வரையறுக்கப்பட்ட இருவர் ஹோல்டெமை ஏறத்தாழ முழுமையாகத் தீர்த்துவிட்டதாக (நெடுநாள் ஆடினாலும் வெல்லமுடியாத ஆட்டமுறையைக் கண்டுவிட்டதாக) கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் அறிவித்தபோது, பட்டன்காரருக்கே அனுகூலம் என்ற ஆட்டக்காரரின் பழைய எண்ணமும் கணக்கால் உறுதியானது. துணிவாக அடிக்கடி உயர்த்தச் சொல்லும் கட்டுரையின் அறிவுரை அந்த இருக்கைக்கு உரியது. ஒன்பது பேர் மேசையின் முதல் இருக்கைக்கு அதை எடுத்துவருவது பிழை.

அடுத்த பகுதியில் ஒவ்வோர் உதாரணத்துக்கும் இரு ஆட்டக்காரரின் இருக்கைகளையும் குறிப்பிட்டு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு – 06.