முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தாள்

கொழும்பு

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததில் பெரிய நிம்மதி. உங்கள் தொடர்மாடிச் சங்கம் அவசர நேரத்தின் முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தாள் எழுதுகிறதென்றும், 2019 உயிர்த்த ஞாயிறிலிருந்து எதை எடுக்கலாமென்றும் கேட்டிருந்தாய்.

அந்த ஏப்ரல் 21 காலையில் கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயங்களிலும் கொழும்பில் மூன்று ஹோட்டல்களிலும் குண்டு வெடித்தது. அன்றே பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் தடை. ஏப்ரல் 30ஆம் திகதிதான் நீங்கியது. மாலையில் ஊரடங்கு. ஆகவே தாளின் முதல் வரி இதுவாக இருக்கட்டும்: வட்ஸ்அப் இல்லாமல் யாருக்கு, எப்படிச் செய்தி போகும்?

வீட்டுக்கு ஒருவரைத் தெரிவுசெய்யுங்கள். அவர் வேறு ஊரில் இருப்பது நல்லது. எல்லோரும் அவருக்கு மட்டும் எஸ்.எம்.எஸ். அனுப்புவது, மற்றச் சொந்தங்கள் அவரிடம் மட்டும் கேட்பது. குரல் அழைப்பென்றால் பேசி முடியும்வரை லைன் திறந்தே இருக்க வேண்டும். ஊரே ஒரேயடியாக எடுத்தால் லைன் கிடைக்காது. குறுஞ்செய்தி வரிசையில் காத்திருந்தாவது போய்ச் சேரும். ஆனால் இரண்டு மணித்தியாலம் பிந்தியும் வரும், முன்பின்னாகவும் வரும். அதனால் நேரத்தைக் கட்டாயம் எழுத வேண்டும்: “வெள்ளவத்தையில் நிற்கிறேன். காயமில்லை. இரவு அக்கா வீட்டில். 11.20.” இடம், நிலைமை, அடுத்தது என்ன, நேரம். இவ்வளவு போதும். அந்த ஒருவரின் நம்பரைக் கடதாசியில் எழுதி பேர்ஸில் வையுங்கள். போனில் சார்ஜ் இறங்கிவிட்டால் அந்தக் கடதாசிதான் மிச்சம்.

ஆளைக் காணவில்லையென்றால் ஆசுபத்திரிக்கு இரண்டு பேர் போதும். ஒருவர் வாசலில் நிற்க, மற்றவர் அடுத்த ஆசுபத்திரிக்குப் போகலாம். தமிழ்ப் பெயர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதப்படும்போது மூன்று விதமாக மாறும். முதலெழுத்து எங்கோ போய்விடும். எனவே அடையாள அட்டை எண், வயது, அன்று உடுத்த உடுப்பு, பழைய தழும்பு எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுபோக வேண்டும். பல் தெரியச் சிரிக்கிற படம் ஒன்றும் வேண்டும். எழுதவே கை கூசுகிறது, ஆனால் பல்லை வைத்து உடலை அடையாளம் காண அது உதவும். பட்டியலில் பெயர் இல்லையென்றவுடன் ஒரு முடிவுக்கும் வராதீர்கள். இறந்தவர் தொகையை ஒரு கட்டத்தில் 359 என்றார்கள், பிறகு 253 என்று திருத்தினார்கள். சிதைந்த உடல்களை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை எண்ணியிருந்தார்கள்.

இரத்தம் கொடுக்க அன்று சனம் வரிசையில் நின்றது. அந்த மனதுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் செங்குருதிக் கலங்களை ஐந்தாறு கிழமைதான் வைத்திருக்கலாம், இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டுக்களை ஐந்து நாள். கொடுத்தவர் மறுபடி கொடுக்க இங்கே நான்கு மாதம் பொறுக்க வேண்டும். காயப்பட்டவர்களுக்கோ அடுத்தடுத்துச் சத்திரசிகிச்சை நடக்கும். ஆகவே கட்டடத்தில் இருபது பேர் ஆயத்தமென்றால், இரத்த வங்கிக்கு முதலில் போன் பண்ணிக் கேட்டு, பத்துப் பேர் அன்றைக்கும் பத்துப் பேர் மூன்று கிழமை கழித்தும் போகலாம். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வெறும் வயிற்றோடு போய் மயங்கி விழுந்தால் தாதிக்கு இன்னொரு வேலை.

படம் அனுப்புவதைப் பற்றிக் கண்டிப்பாக ஒரு வரி எழுது. தேடப்படுபவர் என்று பொலிஸார் வெளியிட்ட படங்களில் ஒன்று சம்பந்தமே இல்லாத அமெரிக்கப் பெண் ஒருவருடையது. பிறகு பிழையென்று ஒத்துக்கொண்டார்கள். அதற்குள் அது எத்தனை போனுக்குப் போயிருக்கும்! பொலிஸார் வெளியிட்டதே பிழைத்ததென்றால், எவரோ அனுப்பியதை என்னவென்று நம்புவது?

உன் கடிதத்தில் இல்லாத, என்னைப் பொறுத்தவரை மிக முக்கியமான விஷயம் ஒன்று. மே நடுப்பகுதியில் மினுவாங்கொடையிலும் வடமேல் மாகாணத்திலும் முஸ்லிம்களின் வீடுகளையும் கடைகளையும் பள்ளிவாசல்களையும் தாக்கினார்கள். குண்டு வெடித்து மூன்று கிழமை கழித்து. அதனால் உங்கள் கட்டடத்தில் எந்தக் குடும்பம் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கும் என்று இப்போதே யோசியுங்கள். அன்று மாலையே ஒருவர் போய்க் கதவைத் தட்ட வேண்டும். “பயப்படாதீர்கள்” என்று சொல்லிவிட்டு வருவதில் பயனில்லை. பால்மா இருக்கிறதா, மருந்து எத்தனை நாளுக்கு இருக்கிறது, பிள்ளையை வகுப்புக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். கடைக்குப் போகும்போது கூடப் போங்கள். அவர்களுடைய நம்பரும் அந்தத் தாளில் இருக்கட்டும், சங்கத்துத் தலைவரின் நம்பருக்குப் பக்கத்திலேயே.

தாளை எழுதி முடித்தால் ஒரு பிரதி அனுப்பு. ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள். கதவுக்குப் பின்னால் ஒட்டினால் அம்மாவுக்கும் வாசிக்கக்கூடிய எழுத்தில் இருக்கட்டும்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி