புது கார் எடுக்கும் நாளில் யார் கையில் காசு கொடுப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

புது கார் வாங்குகிறவர்கள் டெலிவரி நாளில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். இரண்டு சாவியையும் கேட்டு வாங்க வேண்டும், வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் நம்பரை இன்வாய்ஸோடு ஒப்பிட வேண்டும், விற்பனைச் சான்றான படிவம் 21, வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்பதற்கான படிவம் 22 இரண்டும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதெல்லாம் சரி. அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு எல்லோர் மனத்திலும் ஓடுகிற ஒரு கேள்வி அதில் இல்லை. காரைச் சுற்றிக் காட்டி விளக்கிச் சொல்கிறாரே, அவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமா? கொடுப்பதென்றால் எவ்வளவு? யாரிடம் கேட்பது என்று தெரியாமலேயே நிறையப் பேர் பர்ஸைத் திறக்கிறார்கள். என் தம்பியும் அப்படித்தான் திறந்தான்.

போன வருடம் தை மாதம் அவன் கார் எடுத்தான். இருபது வருடமாக மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஒரே பைக்கில் ஏற்றிக்கொண்டு போனவன். கடன் போட்டு வாங்கிய கார் என்பதால் ஒவ்வொரு ரூபாயும் கணக்கு. ஷோரூம் விலைக்கு மேலே, ஒரே தடவையாகக் கட்டுகிற சாலை வரியான ஆயுள் வரி, மூன்று வருடத்துக்கான மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ், பதிவுச் செலவு எல்லாம் சேர்ந்தபோது அவன் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையுள்ள காருக்கு 2023 நவம்பரிலிருந்து ஆயுள் வரி மட்டுமே 13 சதவீதம். போதாததற்குக் கொட்டேஷனில் ‘ஹேண்ட்லிங்’ என்று ஒரு வரி. அது எதற்கு என்று கேட்டதற்கு, “யார்டிலிருந்து வண்டியைக் கொண்டு வந்து, கழுவி, செக் பண்ணி உங்களுக்குத் தயார் பண்றதுக்கு மேடம்” என்றார்கள். அதையும் கட்டினோம்.

டெலிவரி அன்று எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. துணியை விலக்கிக் காரைக் காட்டினார்கள். அட்டையில் செய்த பெரிய சாவியைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். கேக் வெட்டினோம். டை கட்டிய இளைஞர் ஒருவர் தம்பியை உட்கார வைத்துப் பத்து நிமிடம் விளக்கினார். அதில் பாதி நேரம் செல்போனை ப்ளூடூத்தில் இணைப்பதிலேயே போய்விட்டது. முடிந்ததும் கதவோரம் குனிந்து, “சார், பசங்க ராத்திரி பூரா வேலை பார்த்திருக்காங்க. அவங்களுக்கு ஏதாவது பார்த்துச் செய்யுங்க” என்றார். தம்பி ஐந்நூறு ரூபாய் எடுத்தான். “நாலு பேர் இருக்காங்க சார்.” இன்னொரு ஐந்நூறு போனது. கோட்டை மாரியம்மன் கோயில் வாசலில் காருக்குப் பூஜை போட என்று வைத்திருந்த பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தான். மனைவி பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, நல்ல நாளும் அதுவுமாக இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

இரண்டு வாரம் கழித்து ஓமலூர் தாண்டி டயர் பஞ்சர் ஆனது. டிக்கியைத் திறந்தால் மாற்றுச் சக்கரமான ஸ்டெப்னியே இல்லை. டியூப் இல்லாத டயரும், காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும், பஞ்சர் ஒட்டும் கிட்டும் கொடுத்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020இல் விதியை மாற்றியிருக்கிறார்கள். அன்றைக்கு ரோட்டோரத்தில் நிற்கும்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கிட் எங்கே இருக்கிறது, எப்படிப் பயன்படுத்துவது என்று அந்த இளைஞர் சொல்லவே இல்லை. ஆயிரம் ரூபாய் கொடுத்தோமே என்பதற்காக இதைச் சொல்லவில்லை. காசே கொடுக்காவிட்டாலும் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் அது. சாவியின் பேட்டரி தீர்ந்தால் கதவை எப்படித் திறப்பது, இழுத்துப்போகும் கொக்கியை எங்கே மாட்டுவது, குழந்தை சீட்டை எதில் பூட்டுவது, டயரில் எவ்வளவு காற்று வைப்பது, இவையெல்லாம் உயிரோடு சம்பந்தப்பட்டவை. கையில் கிடைப்பதைப் பொறுத்து விளக்கம் நீளுவதோ குறைவதோ கூடவே கூடாது.

அப்புறம் ஆயிரம் கிலோமீட்டரில் முதல் சர்வீஸுக்குப் போனோம். வண்டி கழுவும் இடத்தில் ஒரு பையன் நின்றிருந்தான். கால்சட்டை முழங்கால் வரை நனைந்து, விரல்களெல்லாம் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. பேச்சுவாக்கில், “டெலிவரி அன்னிக்கு உங்களுக்குன்னு கொடுத்தோமே, கிடைச்சுதா தம்பி?” என்று கேட்டேன். அவனுக்குப் புரியவே இல்லை. பிறகு சொன்னான்: “எங்களுக்கு வராதும்மா. நாங்க கான்ட்ராக்ட். முன்பக்கம் எங்களை விடமாட்டாங்க.”

அன்று முழுவதும் எனக்கு மனசு சரியில்லை. அந்த இளைஞரைத் திருடன் என்று சொல்ல நான் வரவில்லை. எல்லா ஷோரூமிலும் இப்படித்தான் நடக்கிறது என்றும் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பையனின் பெயரைச் சொல்லி வாங்கிய காசு அவனுக்குப் போகவில்லை.

இனாம் கொடுப்பதே தவறு என்று வாதாடுகிறவள் இல்லை நான். நம் ஊரில் வீடு கட்டினால் நிலை வைக்கும் அன்றைக்கு ஆசாரிக்கும் மேஸ்திரிக்கும் வேட்டி துண்டு வைத்துக் கொடுப்போம். கிரகப்பிரவேசத்திலும் அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து மரியாதை செய்வோம். கூலி தனி, இது தனி. என் அப்பா வீடு கட்டியபோது சித்தாளாக வேலை செய்த அம்மாளுக்கும் சேலை எடுத்துக் கொடுத்தார். அது யாரும் கேட்டு வாங்கியதில்லை. யார் என்ன வேலை செய்தார்கள் என்று வீட்டுக்காரருக்கு நேரில் தெரியும், அதனால் உரியவர் கைக்கு உரியது போனது. கார் விஷயத்தில் நமக்கு வேலை செய்தவர்கள் சுவருக்குப் பின்னால் இருக்கிறார்கள். யார்டில் வெயிலிலும் தூசியிலும் நின்ற வண்டியை ஓட்டி வந்த டிரைவர், கழுவியவர், பேட்டரியும் ஆயிலும் காற்றும் பார்த்த மெக்கானிக், நம்பர் பிளேட் மாட்டியவர் என்று நம் கண்ணில் படாதவர்கள் இத்தனை பேர். நாம் பார்ப்பது டை கட்டியவரை மட்டும்தான்.

வேறு ஊரில் நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். என் மகள் ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகரில் வேலை பார்க்கிறாள். 2019இல் நான் அங்கே போயிருந்தபோது ஃபோக்ஸ்வாகன் கார் ஒன்று வாங்கினாள். பக்கத்திலேயே வுல்ஃப்ஸ்புர்க்கில், தொழிற்சாலையை ஒட்டி ஆட்டோஸ்டாட் என்று ஒரு வளாகம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு திறந்தது. அங்கேயே போய் வண்டியை எடுத்துக்கொள்ளலாம். 48 மீட்டர் உயரத்தில் இரண்டு கண்ணாடிக் கோபுரங்கள், ஒவ்வொன்றிலும் இருபது அடுக்கு, நானூறு கார். தொழிற்சாலையிலிருந்து சுரங்கப்பாதை வழியாக வந்து கோபுரத்தில் ஏறி நிற்கிற கார், நம் முறை வரும்போது லிஃப்டில் இறங்கி வருகிறது. மீட்டரில் பூஜ்யம் கிலோமீட்டர். ஒரு பெண் வந்து நிதானமாக எல்லாவற்றையும் காட்டினார். பானெட்டைத் திறந்து காட்டியதிலிருந்து முதலுதவிப் பெட்டி இருக்கும் இடம் வரை ஒன்றையும் விடவில்லை. மகளை ஒருமுறை தன் கையாலேயே செய்து பார்க்கவும் வைத்தார்.

பழக்க தோஷத்தில் என் கை பைக்குள் போய்விட்டது. இருபது யூரோவை எடுத்துவிட்டேன். “அம்மா, உள்ளே வைங்க. இது அவங்க வேலை, அதுக்குச் சம்பளம் இருக்கு. கொடுத்தா அவங்களுக்குச் சங்கடமாயிடும்” என்றாள் மகள். ஜெர்மனியில் இனாமே கிடையாது என்றில்லை. ஓட்டலில் சாப்பிட்டால் பில்லுக்கு மேல் கொஞ்சம் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் டிரிங்க்கெல்ட், அதாவது குடிக்கக் கொடுக்கும் காசு. நாம் டீ காசு என்பதைப் போலவே. ஆனால் அது இல்லாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது என்ற நிலையில் ஒருவரை வைக்கக்கூடாது என்பதற்கு அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. 2015 ஜனவரியில் நாடு முழுவதற்கும் மணிக்கு எட்டரை யூரோ என்று குறைந்தபட்சக் கூலி கொண்டு வந்தார்கள். 2025இல் அது 12.82 யூரோவாகிவிட்டது. நன்றி சொல்லிக் கைகுலுக்கிவிட்டு வந்தோம். அந்தப் பெண் கதவு வரை வந்து வழியனுப்பினார்.

நம் ஊரில் சம்பளம் குறைவு, இந்தக் காசை நம்பித்தான் அவர்கள் இருக்கிறார்கள், ஜெர்மனியோடு ஒப்பிடலாமா என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். எனக்கும் அந்த டை கட்டிய பிள்ளையின் மேல் கோபமில்லை. மாதக் கடைசியில் டார்கெட் முடியாமல் அவர்கள் படுகிற பாட்டைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் பார்த்திருக்கிறேன். அவனும் கார் ஷோரூமில்தான் இருக்கிறான். ஆனால் அவனே சொன்ன ஒரு விஷயம் இருக்கிறது. டெலிவரி முடிந்த சில நாளில் கம்பெனியிலிருந்து நமக்கு போன் வரும். பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்பார்கள். நாம் எரிச்சலில் ஏழு, எட்டு என்று சொல்லி வைத்துவிடுகிறோம், அல்லது போனையே எடுப்பதில்லை. “அந்த மார்க்கில்தான் எங்க இன்சென்டிவ் இருக்கு அத்தை. ஐந்நூறு ரூபாயைவிட அதுதான் பெருசு” என்றான். நன்றாக விளக்கியவருக்கு நாம் செய்ய வேண்டியது அதுதான். போனை எடுத்து, அவர் பெயரைச் சொல்லி, இன்னார் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார் என்று சொல்வது. முடிந்தால் மேனேஜருக்கு இரண்டு வரி எழுதிக் கொடுப்பது.

காசு கொடுக்க விருப்பம் இருக்கிறவர்கள் அதைப் பின்பக்கம் கொண்டு போய்க் கொடுங்கள். உள்ளே விடமாட்டோம் என்றால், கழுவியவரையும் ஓட்டி வந்தவரையும் ஒரு நிமிடம் கூப்பிடச் சொல்லுங்கள். காரோடு நின்று எடுக்கும் படத்தில் அவர்களும் நிற்கட்டும். எவ்வளவு என்பது அவரவர் கைக்கு அடக்கம். ஒன்றும் கொடுக்க முடியாதவர்கள் ஒரு ஸ்வீட் பெட்டியைக் கொடுத்தால்கூட போதும். முடியவில்லை என்றால் அதற்காகக் கூனிக்குறுக வேண்டியதில்லை.

ஷோரூம் நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஹேண்ட்லிங் என்று எங்களிடம் வாங்குகிறீர்களே, அதில் எவ்வளவு அந்த நனைந்த கால்சட்டைப் பையனுக்குப் போகிறது? டெலிவரி கொடுக்கும் இடத்தில், ‘எங்கள் ஊழியர்கள் உங்களிடம் பணம் கேட்கக்கூடாது’ என்று தமிழில் பெரிய எழுத்தில் ஒரு பலகை வையுங்கள். விளக்கிச் சொல்ல வேண்டியவற்றை ஒரு தாளில் அச்சடித்து, ஒவ்வொன்றாக டிக் அடித்துக் கையெழுத்து வாங்குங்கள். அந்தத் தாள் இருந்திருந்தால் ஓமலூர் ரோட்டில் நாங்கள் இரண்டு மணி நேரம் நின்றிருக்கமாட்டோம்.

ஆயுத பூஜைக்கு என் தங்கை மகன் கார் எடுக்கிறான். வேறு ஷோரூம்தான். புக் செய்யப் போனபோதே வண்டி கழுவும் இடம் எந்தப் பக்கம் என்று கேட்டு வைத்துக்கொண்டேன். கட்டடத்துக்குப் பின்னால், ஜெனரேட்டர் அறையைத் தாண்டி இருக்கிறதாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
சேலம்.