ஸ்பூரியஸ் காஸியஸுக்கு ஒரு வரி போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

ரோமின் தொடக்ககாலக் கான்சல்கள் (ஆண்டுக்கு இருவராக ஆட்சி நடத்திய தலைவர்கள்) பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். புரூட்டஸுக்கும் வலேரியஸ் பப்ளிகோலாவுக்கும் தாராளமாக இடம் கொடுத்தவர், ஸ்பூரியஸ் காஸியஸை மட்டும் ‘அரசனாக ஆசைப்பட்டுக் கொல்லப்பட்டவர்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கி.மு. 502, 493, 486 என மூன்று முறை கான்சலாக இருந்த மனிதர். பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவன் நான், மனசு கேட்கவில்லை.

அவர் பெரிய போர்வீரர் என்று வாதாட வரவில்லை. 502-ல் கூரிஸ் என்ற ஊருக்கருகே, ரோமின் அண்டை இனத்தாரான சபைன்களைத் தோற்கடித்தார் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் டயோனிசியஸ். ரோமானிய வரலாற்றாசிரியர் லிவியோ அதே ஆண்டின் கான்சல்களைப் பொமேஷியா என்ற ஊரின் முற்றுகைக்கு அனுப்பிவைக்கிறார். இருவருமே நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து எழுதியவர்கள், யாரை நம்புவது? ரோம் நெருக்கடி காலத்துக்கென முழு அதிகாரத்தோடு சர்வாதிகாரி ஒருவரை முதன்முதலாக நியமித்தபோது, அவருக்கு அடுத்த நிலையில் குதிரைப்படைத் தலைவராக இருந்தவர் காஸியஸ் என்பதில் இரண்டு பேரும் ஒத்துப்போகிறார்கள்.

அவருடைய சாமர்த்தியம் 493-ல்தான் தெரிகிறது. அதற்கு முந்தைய ஆண்டு, கடன் கொடுமை தாங்காத பாமர மக்கள் படையைவிட்டு விலகிப் புனித மலையில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தி ஊருக்குள் அழைத்து வந்த சூட்டோடு, சில ஆண்டுகளுக்கு முன் ரெஜில்லஸ் ஏரிக்கரையில் ரோமோடு மோதித் தோற்ற அண்டை லத்தீன் நகரங்களோடு காஸியஸ் ஒப்பந்தம் செய்கிறார். வானும் பூமியும் தத்தம் இடத்தில் நிற்கும்வரை சமாதானம். ஒருவர்மேல் படை வந்தால் மற்றவர் முழுப் பலத்தோடு உதவ வேண்டும். கொள்ளைப் பொருளில் சரிபாதி. எனக்குப் பிடித்தது இன்னொரு ஷரத்து: தனியார் கொடுக்கல் வாங்கல் வழக்கு எந்த ஊரில் கைமாறியதோ அந்த ஊரிலேயே பத்து நாளுக்குள் தீர்ப்பாக வேண்டுமாம். போரில் ஜெயித்த பக்கம் தோற்றவனிடம் இப்படிச் சமமாகப் பேசியது சாதாரண விஷயமா? அதை வெண்கலத் தூணில் பொறித்துவைத்தார்கள். அந்தத் தூண் பேச்சு மேடைக்குப் பின்னால் நின்றது நமக்கு நினைவிருக்கிறதே என்று பிற்கால ரோமானிய வழக்கறிஞர் சிசரோ ஒரு வழக்கில் பேசுகிறார். லத்தீன் கூட்டமைப்பை ரோம் கலைத்தது 338-ல். நடுவில் முறிந்து புதுப்பிக்கப்பட்டாலும், ஒன்றரை நூற்றாண்டு ரோமைத் தாங்கியது அந்த ஏற்பாடுதான்.

486-ல் ஹெர்னிசி என்ற அண்டை இன மக்களோடும் ஒப்பந்தம். வரைபடத்தைப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். வடக்கே மலையில் ஈக்விகள், தெற்கே வோல்ஸ்கிகள். ரோமை ஓயாமல் குடைந்த இந்த இரண்டு பகைவர்களுக்கும் நடுவில் ஆப்பு அடித்ததுபோல ஹெர்னிசிகளின் நிலம். ஆளை வெட்டாமலே எதிரிகளைப் பிரித்துவைத்தார்.

அதே ஆண்டுதான் நில விவகாரமும் வெடித்தது. கைக்கு வந்த நிலத்தில் பாதியை லத்தீன்களுக்கும் மறுபாதியை ரோமின் ஏழைகளுக்கும் கொடுக்கலாம் என்றார். உயர்குடியினர் எரிச்சலடைந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் சக கான்சல் வெர்ஜீனியஸ், ‘வெளியூர்க்காரனுக்கு எதற்குப் பங்கு?’ என்ற ரீதியில் பேச, ஏழைகளும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். சிசிலித் தானியத்துக்கு மக்கள் கட்டிய பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று காஸியஸ் சொன்னதும், அரியணைக்கு விலை பேசுகிறான் என்று தூற்றினார்கள். நம் வீட்டில் பிள்ளையை ‘ராஜா’ என்று கொஞ்சுகிறோம். அரசர்களைத் துரத்திவிட்ட ரோமில் ஒருவனைத் தொலைத்துக்கட்ட அந்த ஒரு சொல் போதும். பதவிக்காலம் முடிந்த கையோடு, 485-ல், அவர் கதையை முடித்துவிட்டார்கள்.

குற்றம் சாட்டிய கீஸோ ஃபேபியஸ் மறு ஆண்டே கான்சல் ஆனார். இன்னொருவரான லூசியஸ் வலேரியஸ் அதற்கடுத்த ஆண்டு. 485 தொடங்கி ஏழு ஆண்டுகள் ஃபேபியஸ் குடும்பத்தில் யாராவது ஒருவர் கான்சலாக இருந்திருக்கிறார். கட்டுரையாளர் இந்தப் பட்டியலைப் பார்த்திருந்தால் அந்த ஒரு வரியை அவ்வளவு நிச்சயமாக எழுதியிருக்க மாட்டார்.

நில மசோதாக் கதையில், ஏழைகளுக்கு நிலம் பிரித்துக் கொடுக்க முயன்று கி.மு. 133-ல் கொல்லப்பட்ட டைபீரியஸ் கிராக்கஸின் சாயல் பிற்பாடு ஏற்றப்பட்டது என்று ஆய்வாளர்கள் சந்தேகிப்பது எனக்கும் தெரியும். ஏன், காஸியஸ் செத்த விதத்திலேயே இரண்டு கதை உண்டு. மக்கள் முன் விசாரித்துப் பாறையிலிருந்து தள்ளினார்கள் என்பது ஒன்று. பெற்ற தகப்பனே வீட்டுக்குள் விசாரித்து அடித்துக் கொன்று, மகன் சொத்தைத் தானிய தெய்வமான சீரிஸ் தேவிக்கு எழுதிவைத்தார் என்பது மற்றொன்று. ‘காஸியஸ் குடும்பத்தின் கொடை’ என்று எழுதிய சிலைகூட இருந்ததாம். வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஒப்பந்தத்தை மட்டும் ரோம் தொடவில்லை.

கட்டுரையின் அடுத்த பகுதியில் ஈக்வி, வோல்ஸ்கி, ஹெர்னிசி நிலங்களைக் குறித்து அரைப்பக்க வரைபடம் ஒன்று போடுங்கள். படிக்கிற பிள்ளைகளுக்கு உதவும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்.